டிரையரை அப்படி நிறுத்தாத நான்

டிக்கோயா

அன்பு மகனுக்கு,

நானும் அம்மாவும் சுகம். மழை விட்டபாடில்லை, பீலித் தண்ணீர் கலங்கியே வருகிறது. சின்னவளுக்கு இருமல் குறைந்துவிட்டது. இராச்சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, வேலை வேலை என்று பத்து மணி ஆக்காதே. அம்மா போனைச் சார்ஜில் போட்டபடியே வைத்திருக்கிறாள். ஐந்து கிழமை ஆகிறது. உனக்கு வேலை அதிகமாக இருக்கும்.

நீ தந்த கம்பியூட்டரைத் தினமும் திறக்கிறேன். போட்டதும் அந்தக் கறுப்புப் பெட்டி வந்து, 'அப்பா, பிரஷர் குளிசை போட்டீங்களா' என்று நிற்கிறது. அதில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது என்று இங்கிலிஷ் எழுத்தில் அடித்து வைத்தாயே, அதுதான். நான் ஒரு கீயைத் தட்டினால்தான் மரண உதவிச் சங்கக் கணக்கு தானாகத் திறக்கும். குளிசையைப் போடாமல் நான் ஒரு நாளும் கீயைத் தட்டியதில்லை. கோயில் கமிட்டி ஆட்களையும் கூட்டிவந்து காட்டியிருக்கிறேன்.

கோபம் என்றால் என்னோடு பேசாமல் இரு. அம்மா என்ன செய்தாள்? அவளுக்காவது ஒரு கோல் எடுக்கலாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை பெரியப்பா மகள் வந்து எல்லாவற்றையும் திறந்து பார்த்தாள். காலையில் கணக்கைத் திறக்கும் ஃபைல் ஸ்டார்ட்அப் ஃபோல்டரில் இருக்கிறதாம். கணக்கைப் பென் டிரைவுக்கு எடுத்து வைக்கும் மற்றதை, கம்பியூட்டரை மூடும்போது ஓடுகிற மாதிரி விண்டோஸில் குரூப் பாலிசி என்ற செட்டிங்கில் போட்டிருக்கிறாய். அது விண்டோஸ் ஹோமில் கிடைக்காது என்றுதானே புரோ போட்டுத் தந்தாய். இரண்டிலும் ஒரு பிழையும் இல்லை என்றாள். ஆனால் பென் டிரைவில் கடைசியாக இருந்தது ஜூன் 3ஆம் திகதிக் கணக்கு.

மகன், நான் ஷட் டவுன் கொடுக்கவில்லை. அந்த வட்டம் சுற்றி முடியும் வரை நிற்கப் பொறுமை இல்லாமல் மூன்று மாதமாகச் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் படுக்கப் போயிருக்கிறேன். ஒழுங்காக மூடினால்தான் நீ எழுதியது ஓடும். கரண்டைப் பிடுங்கினால் அதற்கு ஓட ஏது நேரம்? கடைசியில் இடி இடித்த அந்த இரவு, கணக்கு திறந்திருக்கும்போதே கரண்ட் போய், இருந்த ஃபைலும் கெட்டுப்போனது.

முப்பது வருஷம் தேயிலை இஸ்டோரில், தூளைக் காயவைக்கும் டிரையர் பார்த்தவன் நான். உள்ளே கிடக்கும் தூள் முழுக்க வெளியே வந்து, நெருப்பை இறக்கி, சூடு தணியும் வரை காற்றாடியை ஓடவிடாமல் ஒரு நாளும் நிறுத்தியதில்லை. அப்படிப்பட்டவன், சங்கத் தலைவர் பக்கத்தில் இருக்க, 'நீ செய்தது பிழை, என் மானம் போச்சு' என்று போனில் உன்னைக் கத்தினேன். நீ ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. சுவர் ஸ்விட்ச் அப்போதே என் ஞாபகத்துக்கு வந்தது. வந்தும் மறைத்தேன்.

லயம் லயமாக வீடுகளுக்குப் போய், சந்தா அட்டைகளைப் பார்த்து மூன்று மாதக் கணக்கையும் திரும்ப எழுதிவிட்டோம். இப்போது காலையில் கணக்கு திறப்பதற்கு முன்னாலேயே ஒரு கொப்பி பென் டிரைவுக்குப் போகிற மாதிரி பெரியப்பா மகள் மாற்றியிருக்கிறாள். அன்றைய திகதியைப் பெயராகப் போட்டுத் தனித்தனி ஃபோல்டர். கெட்ட ஃபைல் நல்லதின் மேல் விழாது. குறித்த நேரத்தில் தானாக ஓடவைக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் மணிக்கு ஒரு தடவையும் போடலாம் என்கிறாள். உன்னைக் கேட்காமல் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். நீ சொல்.

ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். பிழை என்னுடையது, மகனுடையது இல்லை என்று அங்கே எழும்பிச் சொல்லப்போகிறேன். அதற்கு முன் உனக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

இராச்சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா