ஏரிப் பக்கம் பார்த்து எடு, மச்சான்

அச்சுவேலி
ஐப்பசி

அன்பு மச்சான்,

உன்ரை கடிதமும் படங்களும் கிடைச்சுது. இஞ்சை எல்லாரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் முடிஞ்சு, இப்ப பேப்பர் வாசிக்கிறா. பின்னேரமானால் வானம் கறுத்து இடி முழங்குது, மாரி தொடங்கிட்டுது.

நீ ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்துக்குக் கிட்ட எடுத்த மின்னல் படங்களைப் பெரிசாக்கிப் பார்த்தன். கமராவைக் கனநேரம் திறந்து விட்டிருக்கிறாய் போலை. ஓடுபாதை லைற்றும் இறங்கிற பிளேனின்ரை முன் லைற்றும் சேர்ந்து வானத்தை வெளுக்கப் பண்ணிட்டுது. மின்னல் கண் மூடித் திறக்க முதல் முடிஞ்சிடும். கமராவை எவ்வளவு நேரம் திறந்து வைச்சாலும் அதின்ரை வெளிச்சம் கூடாது. அபெர்ச்சரும் (லென்ஸ் துவாரத்தின்ரை அளவு) ஐஎஸ்ஓவும் (கமரா வெளிச்சத்தை உணர்ற அளவு) தான் அதைத் தீர்மானிக்கும். நேரத்தாலை கூடுறது விமான நிலைய வெளிச்சம். அபெர்ச்சரை எஃப் 8 இலையும் ஐஎஸ்ஓவை 100 இலையும் வைச்சு, நேரத்தை ஆறு, எட்டு செக்கனாக் குறைச்சு, விடாமல் எடுத்துக்கொண்டிரு. ஃபோகஸைத் தூரத்து லைற் ஒண்டிலை கையாலை பிடிச்சு அப்பிடியே விடு.

இதைவிடப் பெரிசு, எப்ப எடுக்கிறது எண்டது. நீ மழை வரமுதல் போய் நிக்கிறாய். இடிமழை ஓடுபாதைக்கு மேலை நிக்கேக்கை பிளேன்கள் தள்ளி நிண்டு வட்டம் சுத்தும். தரையிலை வேலை செய்யிற ஆக்களையும் உள்ளுக்கு எடுத்திடுவினம். மழை கடந்து போன பிறகுதான் காத்து நிண்டதெல்லாம் வரிசை கட்டி இறங்கும். உங்கை இடிமழை பெரும்பாலும் மேற்கிலை இருந்து கிழக்குப் பக்கம் போகும். அப்ப ஒன்ராறியோ ஏரிப் பக்கம் திரும்பி நிண்டால், முன்னாலை பிளேன் லைற்றின்ரை கோடுகள், பின்னாலை போற முகிலுக்குள்ளை மின்னல். லென்சிலை மழைத்துளியும் விழாது. செட்டை நுனி லைற் அந்தக் கோட்டிலை புள்ளி புள்ளியா விழும். அதை அழிச்சுப் போடாதை, எனக்கு அதுதான் பிடிக்கும்.

பிளேனிலை மின்னல் விழுந்தால் என்ன செய்யிறது எண்டு மகள் பயந்தவள் எண்டு எழுதினாய். பயணிகள் விமானம் ஒவ்வொண்டிலும் சராசரியா வருசத்துக்கு ஒருக்கா விழுகிறதுதான். அலுமினிய உடம்பு மின்சாரத்தை வெளிப்பக்கத்தாலையே கடத்தி விட்டிடும். 1963 இலை அமெரிக்காவிலை பான் ஆம் போயிங் 707 ஒண்டிலை மின்னல் பட்டு, எரிபொருள் தாங்கி வெடிச்சு 81 பேர் செத்தவை. அதுக்குப் பிறகுதான் தாங்கிகளுக்கான பாதுகாப்பு இறுக்கமானது. அந்தக் கதை அவளுக்கு இப்ப வேண்டாம்.

இஞ்சை பலாலி விமான நிலையத்துக்கு வாறது ஒரு சில பிளேன்தான், அதுவும் பகலிலை. இரவிலை வல்லை வெளியிலை நிண்டால் வானம் முழுக்க மின்னலுக்கு மட்டும்தான். சண்டைக் காலத்திலை பலாலிப் பக்கம் வெளிச்சம் எழும்பினால், சத்தம் கேக்கும் வரை நாங்கள் செக்கன் எண்ணினது ஞாபகம் இருக்கோ? மூண்டு செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். ஷெல்லுக்கும் இடிக்கும் ஒரே கணக்கு. இப்ப இடிக்கு மட்டும் எண்ணுறன் எண்டது எனக்கு எவ்வளவு பெரிய விசயம் எண்டு உனக்கு விளங்கும்.

நீயும் எண்ணு. மின்னி முப்பது செக்கனுக்குள்ளை இடி கேட்டால் காருக்குள்ளை ஏறிக் கண்ணாடியைப் பூட்டு. வல்லையிலை மரமே இல்லை, நிக்கிற ஆள்தான் உயரம். நான் வான் வண்டிக்குள்ளை இருந்துதான் எடுக்கிறன்.

வாற கோடையிலை எடுக்கிற படங்களைச் சுருக்காமல் முழு அளவிலை அனுப்பு. வீட்டிலை எல்லாரையும் கேட்டதாச் சொல்லு.

அன்புடன்,
உன்ரை மச்சான்