பழவேற்காடு ஏரியில் உரிமத்தோடு படகு ஓட வழி செய்யுங்கள்

சுற்றுலா, மீன்வளம், வனம் ஆகிய துறைகளின் அதிகாரிகளுக்கும் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்துக்கும் வணக்கம்.

2011 டிசம்பர் 25 அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்ததை நீங்கள் அறிவீர்கள். அதன் பிறகு சுற்றுலாப் படகுகளுக்குத் தடை வந்தது. அத்தனை சாவுக்குப் பின் தடை போட்டதை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் தடையோடு வேலை முடிந்தது என்று கோப்பைக் கட்டி வைத்ததுதான் எங்கள் மனக்குறை.

விடுமுறை நாளில் சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஏரியைப் பார்த்ததும் கேட்கிற முதல் கேள்வி, "படகு இருக்கா?" என்பதுதான். இல்லை என்று பலகை சொல்லும். கொஞ்சம் தள்ளி யாராவது ஒருவர் பேரம் பேசி ஏற்றிக்கொள்வார். ஒளித்து ஓட்டும் படகில் ஆள் கணக்கு இல்லை, உயிர்காப்புச் சட்டை இல்லை. போனவர்கள் திரும்பினார்களா என்று கரையில் நின்று பார்க்கவும் ஆள் இல்லை. அளவுக்கு மீறி ஏற்றியதும் சட்டை இல்லாததும்தான் அன்று அத்தனை உயிரைக் கொண்டுபோயின. அந்த இரண்டு குறையையும் தடை தீர்க்கவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் மறைத்திருக்கிறது.

ஆபத்து எங்கே இருக்கிறது என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். ஏரியின் பெரும்பகுதி இடுப்பளவு ஆழம்தான். அங்கே பெரியவர்கள் காலூன்றி நின்றுவிடலாம். முகத்துவாரம் அப்படியில்லை. மணல்மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். வத்தத்தில், அதாவது கடல் நீர்மட்டம் இறங்கும் நேரத்தில், ஏரித் தண்ணீர் கடலுக்கு இழுக்கும்போது எதிரே கடலலை வந்தால், அந்த இடத்தில் அலை எழும்பி உடையும். கூட்டம் ஏற்றிய படகு அதில் பக்கவாட்டில் திரும்பினால் நிமிர்த்த முடியாது. உள்ளே இன்னொரு ஆபத்து உண்டு: பூநாரைக் கூட்டம் கண்ணில் பட்டதும் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் சாய்ந்து படம் எடுப்பார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: முகத்துவாரத்தின் பக்கமே போகாத, ஏரிக்குள் மட்டும் ஓடுகிற படகுகளுக்கு உரிமம் கொடுங்கள். 28 அடி பைபர் படகில் ஓட்டுநரும் உதவியாளும் போக எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம். படகின் இரு பக்கமும் எண்ணும், தண்ணீர் தாண்டக் கூடாத சிவப்புக் கோடும் வேண்டும். அந்தக் கோடு முழுகினால் படகு கரையை விட்டுக் கிளம்பக் கூடாது. குழந்தைகளுக்குத் தனி அளவில் சட்டை வாங்க வேண்டும். பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது தலைக்கு மேல் கழன்று வந்துவிடும். கால் இடுக்கில் பட்டை உள்ளதாக இருக்க வேண்டும். வெயிலும் உப்பும் பட்டையையும் உள்ளிருக்கும் நுரையையும் தின்றுவிடுவதால், சீசனுக்கு முன் ஒவ்வொரு சட்டையையும் தண்ணீரில் போட்டுச் சோதிக்க வேண்டும். ஏறியவர் பெயர் எழுதிய சீட்டின் நகல் கரையில் இருக்க வேண்டும். காலை ஆறரைக்குத் தொடங்கி, கடற்காற்று எழும் முன் பத்து மணிக்கு எல்லாப் படகும் திரும்பிவிட வேண்டும்.

1980இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி இது. பறவைக்குக் கிட்டே எஞ்சினை அணைத்துவிட்டுக் கழி ஊன்றித்தான் போக வேண்டும். ஆழமில்லாத இடத்தில் எஞ்சின் ஓடினால் சேறு கலங்கும், பறவை எழும்பிவிடும், பிறர் வலைக்கயிறும் அறுபடும். ஒடிசாவின் சிலிகா ஏரிக்கரையில் மங்களாஜோடி கிராமத்தார் கழி ஊன்றித்தான் விருந்தினரைப் பறவை பார்க்க அழைத்துப் போகிறார்கள். அவர்களில் ஒரு காலத்தில் அதே பறவைகளை வேட்டையாடியவர்களும் உண்டு.

யார் படகு ஓட்டுவது என்ற சண்டை வரும் என்று தயங்க வேண்டாம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு முறை இருக்கிறது. வலை போடும் இடத்தை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்தவர்களுக்குப் படகுச் சவாரியையும் பங்கிட்டுக்கொள்ளத் தெரியும். அவர்களால் முடியாதது சட்டச் சிக்கலைத் தீர்ப்பது. மீன்பிடிப் படகாகப் பதிவான கலத்தில் பயணி ஏற்றக் கூடாது. உள்நாட்டுக் கலங்கள் சட்டம், 2021இன் கீழ்த் தனிப் பதிவு வேண்டும். பதிவு ஒரு துறை, சரணாலய அனுமதி இன்னொரு துறை, படகுத்துறை மூன்றாவது துறை. மூன்று வாசலிலும் மாறி மாறி நிற்க, தினம் வலைக்குப் போகிறவரால் எப்படி முடியும்?

இதே ஏரியின் மேற்குக் கரைப் பக்கம் உள்ள சூளூர்பேட்டையில் ஆந்திர அரசு பூநாரைத் திருவிழா நடத்துகிறது. பூநாரைக்கு மாநில எல்லை கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கம் பிழைக்கிறவர்களுக்கு மட்டும் ஏன் இத்தனை எல்லைகள்? முட்டுக்காட்டிலும் பிச்சாவரத்திலும் படகு ஓட்டத் தெரிந்த அரசுக்கு இங்கே தெரியாமல் போகுமா? ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது. கோடையில் முகத்துவாரம் தூர்ந்தால் இறால் குஞ்சு ஏரிக்குள் வராது, வலையில் மீனும் குறையும். இழப்பு வரும்போதெல்லாம் பொறுத்துக்கொள்ளச் சொல்வீர்கள். நாலு காசு வரக்கூடிய மாதங்களில் கதவைச் சாத்திவிடுகிறீர்கள்.

இப்போது வருகிறவர் டச்சுக் கல்லறையின் வாசலில் எலும்புக்கூடுச் சிற்பத்தைப் பார்ப்பார். 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டை இருந்த இடத்தையும் சின்னப் பள்ளிவாசலின் நிழற்கடிகாரத்தையும் பார்த்துவிட்டு, வறுத்த மீன் ஒரு தட்டு சாப்பிட்டு, மதியத்துக்குள் பொன்னேரி சாலையைப் பிடித்துவிடுவார். காலை ஆறரைக்குப் படகு என்றால் முந்தின இரவே ஊருக்கு வருவார். தங்க ஓர் அறையும் காலையில் இட்லியும் தேடுவார். பெண்கள் பின்னும் பனையோலைப் பெட்டியை எடுத்துப் பார்க்கவும் அவருக்கு நேரம் இருக்கும்.

கோபத்தில் ஒரு சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் பறவைகள் இறங்கத் தொடங்கும். காணும் பொங்கலுக்குக் கூட்டம் வரும். அதற்குள் மூன்று துறையினரும் ஒரே நாளில் படகுத்துறைக்கு வந்து, வழியைக் குறித்து, முதல் பத்துப் படகுகளுக்காவது உரிமம் கொடுக்குமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். விடிந்ததும் வாருங்கள், காற்று இல்லாத நேரத்தில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் என்று கழி ஊன்றியே காட்டிவிடலாம்.

இப்படிக்கு,
பழவேற்காடு ஏரிக்கரை மக்கள்