சிக்னல் என்று மட்டும் எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில், நாம் பேசுவது மூன்றாம் மனிதர் கைக்குப் போகாமல் இருக்க செய்தி அனுப்பும் சிக்னல் ஆப்புக்கு மாறுங்கள் என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. நல்ல கட்டுரை. 2021 ஜனவரியில் வாட்ஸ்அப் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றப்போவதாக அறிவித்ததும் ஏன் அத்தனை பேர் சிக்னலுக்குத் தாவினார்கள், வாட்ஸ்அப்பே மறையாக்கத்துக்கு, அதாவது செய்தியை நடுவில் யாரும் படிக்காதபடி பூட்டுவதற்கு, சிக்னலின் முறையைத்தான் பயன்படுத்துகிறது என்பது வரை எல்லாம் இருந்தது. ஒன்றே ஒன்று இல்லை. எந்த சிக்னலை, எங்கிருந்து எடுப்பது?

பாலக்கோட்டில் 14 வருடமாக செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். அந்த ஒரு வரி இல்லாததால் என்ன நடக்கிறது என்று தினமும் பார்ப்பவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்பு மாரண்டஹள்ளிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தருமபுரி அங்காடியில் பட்டுக்கூடு போட்டுவிட்டு வழியிலேயே பஸ் இறங்கி நேராகக் கடைக்கு வந்துவிட்டார். கையில் மஞ்சள் பை, பைக்குள் துண்டில் சுற்றிய போன். "தம்பி, இதுல எம்பொண்ணு பேசி அனுப்புனது எல்லாம் காணோம்ப்பா" என்றார். மகள் பெங்களூருவில் நர்ஸ். அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், எந்த மாத்திரையை எப்போது கொடுப்பது என்று பேசி அனுப்பிய வாய்ஸ் மெசேஜ், எல்லாமே சிக்னலில்தான் இருந்திருக்கிறது. அந்தப் பெண்ணே ஊருக்கு வந்தபோது பிளே ஸ்டோரிலிருந்து போட்டுக் கொடுத்துவிட்டுப் போன ஆப் அது.

"யார்கிட்டயாவது போனைக் கொடுத்தீங்களா ஐயா?" என்று கேட்டேன். கொடுத்திருக்கிறார். வாட்ஸ்அப் குரூப் ஒன்றில் 'விளம்பரம் இல்லாத புது சிக்னல்' என்று ஒரு ஏபிகே ஃபைல், அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை நேராகப் போனில் ஏற்றும் ஃபைல், சுற்றியிருக்கிறது. பழைய சிக்னலை விட இது நல்லது என்று யாரோ சொல்ல, இவரும் ஒரு கடையில் போனைக் கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். சிக்னலில் விளம்பரமே கிடையாது. நன்கொடையில் நடக்கும் அறக்கட்டளையின் ஆப் அது, 2018-இல் அந்த அறக்கட்டளை தொடங்கியபோது வாட்ஸ்அப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் ஆக்டனே 5 கோடி டாலர் போட்டார். இல்லாத விளம்பரத்தை எடுத்துவிட்டோம் என்று ஒருவன் சொல்கிறான் என்றால் அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெரியவருக்கு அது எப்படித் தெரியும், கடைக்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

ஆனால் இதில் என் மனசு ஆறாத விஷயம் வேறு. அந்த ஃபைலை ஏற்றும்போது போன் ஒத்துக்கொள்ளவில்லை. 'ஆப் நிறுவப்படவில்லை' என்று திரும்பத் திரும்ப வந்ததாகப் பெரியவரே சொன்னார். ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு ஆப்பிலும் அதைச் செய்தவரின் டிஜிட்டல் கையெழுத்து இருக்கும். அதே ஆப்பின் அடையாளத்தோடு வேறு கையெழுத்து போட்ட ஃபைல் வந்தால், இருக்கிற ஆப்பின் மேல் அதைப் போன் ஏற்ற விடாது. அதாவது, இது வேற ஆள் செய்தது, விடாதே என்று போனே தடுத்திருக்கிறது. அந்தக் கடையில் என்ன செய்தார்கள் தெரியுமா, இருந்த அசல் சிக்னலை அழித்துவிட்டு இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். சிக்னல் நம் பேச்சை அதன் சர்வரில் சேர்த்து வைப்பதில்லை, போனில் மட்டும்தான் இருக்கும். நாமாக பேக்கப்பை ஆன் செய்து வைத்திருந்தால் தவிர ஆப்பை அழித்த நிமிடமே எல்லாம் போய்விடும். போய்விட்டது.

போனைத் திருப்பிப் பார்த்தேன். செட்டிங்ஸில் அணுகல்தன்மை என்று ஒரு பகுதி உண்டு, பார்வைக் குறைவு உள்ளவர்களுக்காகத் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும் ஆப்களுக்குக் கொடுக்கும் அனுமதி அது. அந்தப் புது ஆப்புக்கு அந்த அனுமதி ஆன் ஆகியிருந்தது. அசல் சிக்னல் இதைக் கேட்பதே இல்லை. இந்த அனுமதி இருந்தால் திரையில் தெரிகிற எதையும் படிக்கலாம், பேங்க் ஆப்பைத் திறந்தால் அதையும். உடனே அழித்துவிட்டு, அசலைப் போட்டு, பேங்குக்குப் போன் செய்ய வைத்து, பணம் ஏதாவது போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்கணும் என்று எண்ணை அவர் டைரியிலேயே எழுதிக் கொடுத்தேன். ரிப்போர்ட்டுகளை மகள் மறுபடி அனுப்பிவிட்டார். பெரியவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

மறையாக்கம் என்றால் செய்தி என் போனில் பூட்டப்பட்டு எதிராளியின் போனில்தான் திறக்கும், நடுவில் யாராலும் படிக்க முடியாது என்று உங்கள் கட்டுரை சரியாகவே சொன்னது. ஆனால் பூட்டுவதும் திறப்பதும் அந்த ஆப்தான் ஐயா. நான் டைப் செய்வதைப் பூட்டுவதற்கு முன்பே அது பார்க்கிறது. பூட்டு செய்து கொடுக்கிறவனே இன்னொரு சாவியைத் தன் இடுப்பில் முடிந்துகொண்டால் பூட்டு எவ்வளவு கனமாக இருந்து என்ன பயன்?

இது படிக்காதவர்களுக்கு மட்டும் வருகிற கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2025 மே மாதம், அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த மைக் வால்ட்ஸ் ஒரு கூட்டத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருந்த புகைப்படம் வெளியானது. திரையில் இருந்தது சிக்னல் இல்லை, டெலிமெசேஜ் என்ற நிறுவனம் சிக்னலை மாற்றிச் செய்த ஒரு பதிப்பு. செய்திகளுக்கு ஒரு நகல் எடுத்துச் சேர்த்து வைப்பதுதான் அதன் வேலை. அடுத்த சில நாட்களிலேயே ஹேக்கர் ஒருவர் அந்த நிறுவனத்தின் சர்வருக்குள் புகுந்து தகவல்களை எடுத்துவிட்டார், நிறுவனம் சேவையையே நிறுத்தி வைத்தது. பார்க்க சிக்னல் மாதிரியே இருந்தாலும் சிக்னலின் பாதுகாப்பு அதில் இல்லை.

அதனால் என்னிடம் வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பிளே ஸ்டோரைத் திறந்து, பெயருக்குக் கீழே சிக்னல் ஃபவுண்டேஷன் என்று இருப்பதைப் பார்த்துப் போடுங்கள். பிளே ஸ்டோரில் இருந்தாலே அசல்தான் என்றும் நம்பிவிடக் கூடாது. சிக்னல் பிளஸ் மெசஞ்சர் என்று ஒரு போலி அங்கேயே மாதக்கணக்கில் இருந்தது, பயன்படுத்துபவரின் அசல் சிக்னல் கணக்கைத் திருடனின் கருவியோடு சத்தமில்லாமல் இணைத்துவிடும் வேலையை அது செய்தது என்று ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் 2023-இல் கண்டுபிடித்துச் சொன்னது. பிளஸ், ப்ரோ, கோல்டு என்று வால் இருந்தால் தொடவே வேண்டாம். இப்போதே போனில் சிக்னல் வைத்திருப்பவர்கள் அதன் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் விவரத்துக்குப் போனால், எங்கிருந்து நிறுவப்பட்டது என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அப்படியே சிக்னலுக்குள் போய் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்பதையும் ஒருமுறை திறந்து பாருங்கள், உங்களுடையது அல்லாத கம்ப்யூட்டரோ டேப்லெட்டோ அங்கே இருந்தால் நீக்கிவிடுங்கள்.

சிக்னல் தன் இணையதளத்திலும் ஒரு ஏபிகே வைத்திருக்கிறது. கூகுள் சேவை இல்லாத போன்களுக்கு அது தேவைப்படும். ஆனால் பெரும்பாலானவர்கள் இதை எடுக்க வேண்டியதில்லை என்று அவர்களே அந்தப் பக்கத்தில் எழுதி, ஒப்பிட்டுப் பார்க்கக் கையெழுத்தின் அடையாளத்தையும் கொடுத்திருக்கிறார்கள். அதை ஒப்பிடத் தெரிந்தவர் எடுக்கட்டும். மாலி என்று ஒன்று இருக்கிறது, சிக்னலின் மூல நிரலை வெளிப்படையாக எடுத்து வேறு ஆட்கள் செய்வது. மறைவாக எதுவும் இல்லை, அதைத் திருட்டு ஏபிகேவோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. போனில் சேர்ந்திருக்கும் செய்திகளையும் தனிக் கடவுச்சொல்லால் பூட்டும், கூகுள் பாகங்களே இல்லாத வகையும் அதில் உண்டு. தருமபுரியில் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி கேட்டார், விவரம் தெரிந்தவர், போட்டுக்கொள்ளச் சொன்னேன். ஆனால் கடவுச்சொல் மறந்தால் உள்ளே இருப்பது போனது போனதுதான், அசல் சிக்னலில் வரும் திருத்தம் இதில் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகவும் செய்யும். பெரியவருக்கு இதைப் போட்டுக் கொடுக்க என் மனசு ஒப்பாது. பீட்டா என்கிற சோதனைப் பதிப்பும் அப்படித்தான். 2025 செப்டம்பரில் புது பேக்கப் வசதி முதலில் ஆண்ட்ராய்டு பீட்டாவில்தான் வந்தது என்பதற்காகச் சிலர் அதில் சேர்ந்தார்கள். வீட்டில் இருப்பதே ஒரு போன் என்றால் சோதனைப் பதிப்பு வேண்டாம்.

இன்னொன்று, நம் பக்கத்தில் டேட்டா மிச்சம் பிடிக்கவும் இடம் இல்லாததாலும் ஆட்டோ அப்டேட்டை அணைத்து வைப்பது வழக்கம். சிக்னலின் ஒரு பதிப்பு சுமார் 90 நாள்தான் ஓடும், அதற்குள் அப்டேட் செய்யாவிட்டால் மெசேஜ் போகாது. அப்படி நின்றுபோனதும் அவசரத்தில் யாரோ அனுப்பும் ஃபைலைத் தேடித்தான் ஆட்கள் ஓடுகிறார்கள். கூட்டத்துக்குள் திருடன் நுழைகிற இடம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். சிக்னலுக்கு மட்டுமாவது ஆட்டோ அப்டேட்டை ஆன் செய்து வையுங்கள்.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். இனி எந்த ஆப்பைப் பற்றி எழுதினாலும் அதை வெளியிடுபவரின் பெயர், எங்கே எடுப்பது, எதை எடுக்கக் கூடாது, இந்த மூன்றையும் ஒரு சின்னக் கட்டத்தில் ஐகான் படத்தோடு போடுங்கள். இங்கே உங்கள் பேப்பரை டீக்கடையிலும் சலூனிலும் பத்து பேர் கை மாற்றிப் படிக்கிறார்கள், பேப்பரில் வந்திருக்கிறது என்றால் எங்கள் ஊரில் அதற்குத் தனி மதிப்பு. குரூப்பில் வருவதை நான் பொய் என்று சொன்னால் என்னோடு வாதாடுகிறவர்கள், உங்கள் பக்கத்தைக் காட்டினால் கேட்பார்கள். சிக்னலுக்கு அந்தக் கட்டத்தை நீங்கள் போட்டதும் வெட்டி லேமினேட் செய்து என் கவுண்டர் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறேன், பெரியவருக்கும் ஒன்று எடுத்து வைக்கிறேன். அடுத்த கூடு போட அவர் இந்த வழியாகத்தான் வருவார்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் கடை நடத்தும் வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.