மேல் அடுக்குகள் என்ன பாவம் செய்தன?

ஆசிரியருக்கு,

பல காலத்து மக்கள் ஒருவர் பின் ஒருவராக வாழ்ந்த மேடுகளில் நடக்கும் அகழாய்வு பற்றிய கட்டுரை படித்தேன். நல்ல முயற்சிதான், ஆனால் பேச்சு முழுக்க எவ்வளவு ஆழம், எவ்வளவு பழமை என்பதிலேயே சுற்றுகிறது. மேல் அடுக்குகளைச் சீக்கிரம் அள்ளிக் கொட்டிவிட்டு அடியில் இருக்கும் ஊருக்குப் போய்விட வேண்டும் என்பது போல ஒரு தொனி. அந்த அவசரம் என்ன செய்யும் என்று தெரிய, கிரேக்கக் காவியத்தில் வரும் டிராய் நகரம் ஒன்று போதும்.

துருக்கியின் ஹிசார்லிக் மேட்டில் 1871 முதல் 1873 வரை ஷ்லீமன் என்ற ஜெர்மானிய அகழாய்வாளர் நடுவே பெரிய அகழி வெட்டினார். டிராய்ப் போர் நடந்த நகரம் அடியில்தான் கிடக்கும் என்று நம்பியதால் குறுக்கே வந்த பிற்காலச் சுவர்களை இடித்துக்கொண்டே இறங்கினார், 1873இல் தங்கப் புதையல் கிடைத்ததும் அது அந்தப் போர்க்கதையில் வரும் டிராய் மன்னன் பிரியாமுடையது என்று அறிவித்தார். அதுவோ போர் நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முந்தையது! அவர் தேடிய காலத்து ஊர் மேலே, அவர் வெட்டித் தள்ளிய அடுக்குகளில் இருந்தது. (பழி முழுவதும் அவருக்கே இல்லை, பழங்காலத்திலேயே அத்தீனா என்ற கிரேக்கத் தெய்வத்துக்குக் கோயில் கட்ட வந்தவர்கள் மேட்டின் உச்சியை வெட்டிச் சமன் செய்துவிட்டார்கள்.)

இன்னொன்று, அடுக்குகள் கட்டுரையின் படத்தில் இருப்பது போல ஒழுங்காகப் படுத்திருப்பதில்லை. பின்னால் வந்தவர்கள் குப்பைக்குழி தோண்டுவார்கள், அஸ்திவாரம் போடுவார்கள், பழைய சுவரின் கல்லைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள், அதனால் அடியில் கிடக்க வேண்டிய பானை ஓடு மேலே வந்துவிடும், பிற்காலத்துக் காசு கீழே போய்விடும். எந்தக் குழி எந்தத் தரையை வெட்டிக்கொண்டு இறங்கியது என்பது அகழாய்வுக் குழிகளுக்கு நடுவே வெட்டாமல் விடும் மண்சுவரில்தான் தெளிவாகத் தெரியும். பாலஸ்தீனத்தின் எரிகோ மேட்டில் 1952 முதல் 1958 வரை தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் அப்படிப் பொறுமையாகப் பார்த்ததில், பைபிளில் வரும் யோசுவா காலத்தில் இடிந்ததாக அதுவரை கருதப்பட்ட மதில் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தையது என்று தெரிந்தது.

அப்புறம், எந்த மேட்டையும் முழுக்கத் தோண்டிவிடக் கூடாது, பின்னால் வரும் புது முறைகளுக்குக் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். கரி போன்றவற்றின் வயதைக் கணக்கிடும் கரிமக் காலக்கணிப்பே 1949 வாக்கில்தான் வந்தது. அதற்கு முன் மண்ணோடு மண்ணாகக் கொட்டிய கரித்துண்டுகளை இப்போது யார் எடுத்து வருவது?

அடுத்த பகுதி வருமானால், ஒரு குழியின் மண்ணடுக்கு வரைபடத்தை அரைப் பக்கத்துக்காவது போடுங்கள். எவ்வளவு பரப்பைத் தோண்டாமல் விட்டிருக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்