முதல் சபை எது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு தகப்பனின் மடல்

அன்புக்குரிய ஆயர்களே, அருட்தந்தையரே, பாஸ்டர் ஐயாமாரே, ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே,

ஸ்தோத்திரம். எந்தச் சபை முதல் சபை என்று சபைகளுக்கு நடுவில் இருக்கும் போட்டி உங்களுக்குத் தெரியாதது இல்லை. அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் குடும்பத்தில் மூன்று சபை இருக்கிறது. நானும் என் மகளும் ஒரு சபை. எங்களோடு இருக்கும் என் மாமியார் பிறந்ததிலிருந்தே ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). என் தங்கை கல்யாணத்துக்கு அப்புறம் பெந்தெகொஸ்தே. இத்தனை வருடம் இது எங்களுக்கு ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. கிறிஸ்மஸுக்கு மூன்று கோயில் கேக்கும் ஒரே மேஜையில்தான் இருக்கும்.

மகளுக்கு 13 வயது, திடப்படுத்தல் வகுப்புக்குப் போகிறாள். ஐந்து வாரத்துக்கு முன்னால் ‘ஆதி சபை’ பாடம் நடந்திருக்கிறது. கரும்பலகையில் எருசலேமிலிருந்து ஒரு நேர்கோடு போட்டு, கோட்டின் முடிவில் எங்கள் சபையின் பேரை எழுதி, மற்ற சபைகளையெல்லாம் மரத்திலிருந்து முறிந்து விழுந்த கிளைகளாக வரைந்து காட்டியிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் என் மாமியார் ஜெபமாலை சொல்ல உட்கார்ந்தார். நாலு வயதிலிருந்து ஆச்சி பக்கத்தில் உட்கார்ந்து மணியை உருட்டிப் பழகிய பிள்ளை அன்றைக்கு வரவில்லை. சாப்பிடும்போது ஆச்சியை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்: “அப்பா, ஆச்சி தப்பான சபைல இருக்காங்களாமே, அவங்க பரலோகத்துக்கு வர மாட்டாங்களா?”

ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து பின்கட்டு அறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் ஜெபமாலை சொல்கிறார். 76 வயதில், சொந்த மகள் வீட்டில், ஜெபம் பண்ணுவதற்கு ஒளிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. இதை நீங்கள் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும்.

அந்த ஆசிரியரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, அவர் நல்ல மனுஷன். ஆனால் என் தங்கை மகனுக்கும் அவன் சபையில் இதே பாடம்தான், கோட்டின் முடிவில் இருக்கும் பேர் மட்டும் வேறு. என் மனைவியும் சின்ன வயதில் அவள் கோயிலில் இப்படித்தான் கேட்டு வளர்ந்திருக்கிறாள். எல்லோரும் ஒரே கோட்டைத்தான் போடுகிறீர்கள். அதனால்தான் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன். என் கோரிக்கை ஒன்றுதான்: ஆதி சபையின் கதையை முழுதாகச் சொல்லிக்கொடுங்கள். அந்தச் சபை நாங்கள்தான் என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்.

ஏனென்றால் அந்தச் சபையைப் போல இன்று நம்மில் யாருமே இல்லை. பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளில் எருசலேமில் ஞானஸ்நானம் பெற்ற ஏறக்குறைய 3000 பேரும் யூத மார்க்கத்தில் இருந்தவர்கள். பார்த்தியர், மேதர், எகிப்திலிருந்து வந்தவர்கள், ரோமிலிருந்து வந்தவர்கள், அரபியர் என்று ஒரு பெரிய பட்டியலே வேதத்தில் இருக்கிறது. அவர்கள் தினமும் எருசலேமிலிருந்த யூத தேவாலயத்துக்குப் போனார்கள், வீடுகளில் அப்பம் பிட்டார்கள். கோபுரம் இல்லை, பலிபீடம் இல்லை, மைக்கும் இல்லை. கையில் புதிய ஏற்பாடும் இல்லை, அது இன்னும் எழுதப்படவே இல்லை. ‘கிறிஸ்தவர்கள்’ என்ற பேர்கூட எருசலேமில் வந்ததில்லை, பிறகு அந்தியோகியாவில்தான் வந்தது. எருசலேம் சபையை முன்னின்று நடத்தியவர் ஆண்டவரின் சகோதரர் யாக்கோபு. கி.பி. 70-இல் ரோமர்கள் அந்த நகரத்தையும் தேவாலயத்தையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். இதில் எந்த இடத்திலிருந்து எங்கள் சபைக்கு மட்டும் ஒரு நேர்கோடு வருகிறது?

அந்தச் சபையில் சண்டையே இல்லை என்றும் சொல்ல முடியாது. முதல் சண்டை எதற்கு வந்தது? சோற்றுக்கு. கிரேக்கு பேசும் விதவைகளுக்கு அன்றாடப் பந்தியில் சரியாகப் பரிமாறவில்லை என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? முறுமுறுத்தவர்களைத் தள்ளிவைக்கவில்லை. சபையாரையே ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொல்லி அந்த வேலையை ஒப்படைத்தார்கள், ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி ஏழு பேருக்கும் கிரேக்கப் பேர். வருத்தம் யாருக்கு இருந்ததோ அவர்களை நம்பியே பந்தியைக் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு மொத்த வேதத்திலும் ரொம்பப் பிடித்த இடம் இது. நம் வகுப்புகளில் ஸ்தேவான் கல்லெறிபட்டதைச் சொல்கிறோம், அவர் பந்தி விசாரிக்க வந்த கதையை ஓரிரு வரியில் தாண்டிவிடுகிறோம்.

அதற்கப்புறம் விருத்தசேதனப் பிரச்சினை. யூதரல்லாதவர்கள் முதலில் யூதர்களாக மாற வேண்டுமா என்று எருசலேமில், ஏறக்குறைய கி.பி. 49-இல், உட்கார்ந்து பேசினார்கள். வேண்டாம் என்று முடிவானது. அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் முகத்துக்கு நேராகவே கண்டித்தார், அதுவும் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதற்காகத்தான். கொரிந்துவில் நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் (அதாவது பேதுருவைச்) சேர்ந்தவன் என்று பிரிந்து நின்றபோது, கிறிஸ்து பிரிந்திருக்கிறாரா என்று கேட்டு எழுதினார். அந்தக் கேள்வி இன்றும் நம் கையில்தான் இருக்கிறது.

பிரிவுகள் எப்படி வந்தன என்பதையும் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். 431-இல் ஆயர்கள் கூடிய எபேசு சங்கத்துக்குப் பிறகு பாரசீகத்திலிருந்த கிழக்கத்திய சபை தனிவழி போனது. 451-இல் கல்கெதோன் சங்கத்துக்குப் பிறகு எகிப்தியர், சீரியர், ஆர்மீனியர் பிரிந்தார்கள். கிறிஸ்துவின் இயல்பைப் பற்றிய ஒரு கிரேக்கச் சொல்லை இரண்டு பக்கமும் வேறுவேறு விதமாகப் புரிந்துகொண்டதும் அதற்கு ஒரு பெரிய காரணம். 1500 வருடத்துக்குப் பிறகு, 1984-இல், போப் இரண்டாம் யோவான் பவுலும் சீரிய ஆர்த்தடாக்ஸ் சபையின் தலைவர் (பேட்ரியார்க்) சக்காவும் சேர்ந்து, கிறிஸ்துவைப் பற்றிய இரு சபைகளின் விசுவாசமும் ஒன்றே, வேறுபட்டது சொற்கள்தான் என்று கையெழுத்துப் போட்டார்கள். 1054-இல் ரோம் சபையும் கான்ஸ்டான்டிநோபிளின் ஆர்த்தடாக்ஸ் சபையும் போட்டுக்கொண்ட சாபங்களை 1965-இல் இரண்டு பக்கமும் திரும்பப் பெற்றன. 1517-இல் லுத்தர் தொடங்கிய பெரிய வாதத்தில் மையமாக இருந்த விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுதல் பற்றி, 1999-இல் லுத்தரன்களும் கத்தோலிக்கரும் ஒரு பொது அறிக்கையே வெளியிட்டுவிட்டார்கள். பெரியவர்கள் உட்கார்ந்து பேசித் தீர்த்த சண்டையை இங்கே 13 வயதுப் பிள்ளையின் நோட்டில் ஏன் புதிதாக எழுதித் தருகிறீர்கள்?

நம் ஊருக்கே வருகிறேன். லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தது 1706. பெந்தெகொஸ்தே சபைகள் உலகமெங்கும் பரவக் காரணமான, லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த அசூசா தெரு எழுப்புதல் 1906. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் எல்லோரும் கூடி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபையானார்கள். பிரிந்தவர்கள் சேர முடியும் என்று உலகத்துக்கே காட்டியது இந்த மண். அதைச் சொல்லும்போது பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள், எவ்வளவு சந்தோஷப்படுவார்கள்!

அந்த மண்ணில்தான் இன்று ஒரே தெருவில் மூன்று கோயில், மூன்று ஒலிபெருக்கி, கல்லறைத் தோட்டத்துக்கு மூன்று பூட்டு. நிர்வாகத் தேர்தல் வழக்கு நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் இழுக்கிறது, அதற்குச் செலவாவது காணிக்கைப் பணம். காதலித்த பிள்ளைகள் இரண்டு பேரும் கிறிஸ்தவர்களாக இருந்தும் கல்யாணத்துக்குச் சபை மாறச் சொல்லி, ஏற்கெனவே ஞானஸ்நானம் எடுத்தவனை மறுபடியும் தண்ணீரில் இறக்குகிறீர்கள். இதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் கோபம்தான் வருகிறது. மன்னிக்க வேண்டும், நான் கேட்க வந்தது அந்தப் பாடத்தைப் பற்றி மட்டும்.

தயவுசெய்து அந்தப் பாடத்தை மாற்றுங்கள். கரும்பலகையில் கோட்டுக்குப் பதிலாக எருசலேம், அந்தியோகியா, அலெக்சாந்திரியா, ரோம், எதெஸ்ஸா எல்லாம் இருக்கும் ஒரு வரைபடத்தை மாட்டுங்கள். வாங்கித் தர நான் தயார். ஒரு வாரம் பக்கத்துச் சபைப் போதகரைக் கூப்பிட்டு, அவர்கள் கதையை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். ஞாயிறு ஆராதனையில் நைசியா விசுவாசப் பிரமாணம் சொல்லும் சபைகள் எல்லாம் ஒரே சபையை விசுவாசிக்கிறோம் என்றுதானே எழுந்து நின்று சொல்கிறோம். அந்த ஒரே சபையைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள், உங்கள் சபையின் சிறப்பை அதற்கப்புறம் தாராளமாகச் சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்?

என் மகளின் வகுப்பு முடிய இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் யாராவது ஒருவர் வகுப்பில் நின்று, “போன பாடத்தில் சொன்னது சரியில்லை பிள்ளைகளே” என்று சொன்னால் போதும். நான் வீட்டில் பலமுறை சொல்லிவிட்டேன், ஆனால் அப்பா சொன்னதைவிட ஐயா சொன்னதுதான் அவளுக்குப் பெரிது. அவள் போய் அந்தப் பின்கட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அதற்கு உங்கள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வர வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பெண்பிள்ளையின் தகப்பன்,
தூத்துக்குடி மாவட்டம்