பால் அடுப்பை அத்தைதான் பற்றவைக்க வேண்டும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெங்களூர் வீட்டில் பால் காய்ச்சத் தை மாதத்தில் நாள் பார்க்கச் சொன்னாயே. திங்கட்கிழமை நல்ல நாள், ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும் என்கிறார் அப்பா. ஏழரை முதல் ஒன்பது ராகு காலமாம். ஆறு மணிக்குச் சூரியன் உதிக்கும் என்று வைத்து, பகலை எட்டாகப் பிரித்துப் போட்ட கணக்கு அது. தையில் இங்கே தாராவியில் ஏழு மணிக்கு மேல்தான் சூரியன் வருகிறது, அங்கே பெங்களூரிலும் ஆறே முக்கால் ஆகிவிடும். அதன்படி பார்த்தால் அங்கே ராகு காலமே எட்டு மணிக்கு மேல் தள்ளிப்போகும். சொல்லிப் பார்த்தேன். காலண்டரில் போட்டிருக்கிறதே என்று முடித்துவிட்டார். சரி, விடியற்காலையிலேயே காய்ச்சிவிடுவோம். யாருக்கும் நஷ்டமில்லை.

எனக்கும் சில உண்டு. சனிக்கிழமை காலையில் கடை கடையாக ஓர் எலுமிச்சையும் ஏழு பச்சை மிளகாயும் கோத்துக் கட்டிவிட்டு, பழையதை ரோட்டில் போட்டுவிடுவார்கள். அதை மிதிக்காமல் சுற்றித்தான் போவேன். உன் பிள்ளை இங்கே வந்தால் உப்பும் மிளகாயும் சுற்றிப்போடாமல் எனக்குத் தூக்கம் வராது. இதெல்லாம் இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆனால் அத்தை விஷயம் அப்படியில்லை. அன்றைக்கு அவள் முன்னால் வந்து நிற்க வேண்டாமே என்று உன் மாமியார் போனில் சொன்னார்கள். மாமா போனதிலிருந்து, எந்த விசேஷ வீட்டிலும் பொண்ணு மாப்பிள்ளை கிளம்புகிற நேரம் பார்த்து, யாரும் சொல்லாமலே, தேங்காய் துருவ உள்ளே போய்விடுகிறாள். எதிரே வந்தால் சகுனம் கெட்டுவிடுமாம். நான் வேலைக்குப் போன வருஷமெல்லாம் உனக்குத் தலை பின்னி, சோறு ஊட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் அவள். அவள் முகத்தில் முழித்துத்தானே நீ இவ்வளவு தூரம் வந்திருக்கிறாய்?

கோலாப்பூர் மாவட்டத்தில் ஹேர்வாட் என்று ஒரு கிராமம். புருஷன் செத்தால் பெண்டாட்டியின் வளையலை உடைப்பதும் குங்குமத்தை அழிப்பதும் இனி கூடாது என்று 2022இல் அந்தப் பஞ்சாயத்தே தீர்மானம் போட்டது. ஒரு ஊரே செய்ததை நம் ஒரு வீட்டில் செய்ய முடியாதா?

அடுப்பை அத்தைதான் பற்றவைக்க வேண்டும். உன் மாமியாரிடம் நானே பக்குவமாகப் பேசிக்கொள்கிறேன், நீ இடையில் வராதே. அத்தையை மட்டும் நீ கூப்பிடு. நான் கூப்பிட்டால் முழங்கால் வலி என்பாள், நீ கேட்டால் தட்டமாட்டாள். உத்யான் எக்ஸ்பிரஸில் மூன்று பேருக்கும் டிக்கெட் போடச் சொல்லிவிட்டேன். அவளுக்குக் கீழ் பெர்த்.

அம்மா