அலுமினியத்தின் இரண்டாம் முழுக்கைத் தவிர்க்காதீர்கள்: முலாம் பட்டறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முலாம் பட்டறை உரிமையாளர்களுக்கும், தொட்டிகளின் முன் நின்று வேலை செய்யும் நண்பர்களுக்கும்,

குன்னூரிலிருந்து வணக்கம். தேயிலைத் தொழிற்சாலைகளில் வெப்பமும் ஈரப்பதமும் அளக்கும் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். அவற்றின் அலுமினியப் பெட்டிகளை நிக்கல் முலாமுக்காகச் சமவெளிப் பட்டறைகளுக்கு அனுப்புகிறேன். சென்ற ஐப்பசியில் பளபளப்பாகத் திரும்பிய பெட்டிகள், கார்த்திகை முடிவதற்குள் கொப்புளம் கண்டு, நகம் பட்டாலே முலாம் தோலாக உரியும் நிலைக்கு வந்துவிட்டன. உரிந்த இடத்தில் எர்த் இணைப்பு தளர்ந்து, கருவிகள் தவறான அளவுகளைக் காட்டின.

விசாரித்தபோது, நேரம் மிச்சமாகும் என்று ஜிங்கேட் முழுக்கை (முலாமுக்கு முன் அலுமினியத்தைத் துத்தநாகம் கலந்த காரக் கரைசலில் அமிழ்த்துவதை) ஒருமுறையோடு நிறுத்தியதாகச் சொன்னார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

காற்றுப் பட்ட மறுகணமே அலுமினியம் சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். அதன்மேல் எந்த முலாமும் பிடித்து நிற்காது. எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, காஸ்டிக் சோடாவில் அரித்து, அதனால் படியும் கருமையை நைட்ரிக் அமிலத்தில் கழுவிய பிறகும் அந்தப் படலம் மீண்டும் வளர்கிறது. ஜிங்கேட் கரைசலின் காரம் அதைக் கரைத்த இடத்திலேயே துத்தநாகம் படிந்து காவலாக நிற்கிறது. ஆனால் முதல் முழுக்கில் படியும் துத்தநாகம் பருபருவென்றும் திட்டுத்திட்டாகவும் இருக்கும். அதை ஏறத்தாழ 50 சதவீத நைட்ரிக் அமிலத்தில் முழுவதுமாகக் களைந்து, நன்றாக அலசி, மறுபடியும் அரை நிமிடத்துக்குள் முழுக்கி எடுத்தால்தான் மெல்லியதாக, சீராக, நெருக்கமாக ஒரு படிவு கிடைக்கிறது. நிக்கல் பற்றி நிற்பது அந்தப் படிவின் பலத்தில்தான்.

எங்கள் மலையில் இந்தக் குறை விரைவில் வெளிப்படுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்து மூடுபனியில் பெட்டி நாள்கணக்கில் நனைந்திருக்கும். முலாமில் ஓர் ஊசித்துளை இருந்தால் போதும். நிக்கலோடு ஒட்டியிருக்கும் அலுமினியமே அரிபட்டு, துளைக்கு அடியில் குழியாகிவிடும்.

வாடிக்கையாளர்களான எங்கள் பக்கமும் தவறு உண்டு. பொருள் எந்த அலுமினிய உலோகக் கலப்பு என்று எழுதித் தராமலே அனுப்பிவிடுகிறோம். ஏடிசி12 என்ற கலப்பு போன்றவற்றால் ஆன வார்ப்புகளில் சிலிக்கான் மிகுதி; நைட்ரிக் அமிலம் மட்டும் அதை நீக்காது, ஃபுளோரைடும் சேர வேண்டும். (அந்தத் தொட்டியில் கைவைப்பவர்களுக்குத் தகுந்த கையுறையும், அருகிலேயே கால்சியம் குளுக்கோனேட் களிம்பும் கட்டாயம் கொடுங்கள், ஃபுளோரைடு சேர்வதால் அங்கே உண்டாகும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலைக் கடந்து எலும்பு வரை செல்லும்.) இனி நான் கலப்பின் பெயரை ஒவ்வொரு சீட்டிலும் எழுதுவேன்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கழுவிய பரப்பில் நீர் துளித்துளியாகத் திரளாமல் ஒரே விரிப்பாகப் படர்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தொட்டிக்கு எடுத்துச் செல்லுங்கள். இரண்டாம் முழுக்கை எந்த அவசரத்திலும் விடாதீர்கள். ஒவ்வொரு தொகுதியோடும் அதே கலப்பில் ஒரு சிறு தகட்டை முலாமிட்டு, சூடாக்கித் தண்ணீரில் அமிழ்த்தி, முலாம் கொப்புளிக்கிறதா என்று சோதித்து அனுப்புங்கள். அதற்காகும் கூடுதல் கூலியைத் தர அணியமாக இருக்கிறேன்.

அன்புடன்,
குன்னூர்க் கருவிப் பழுதுநர் ஒருவர்